எச்.ஐ.வி. தொற்றியவரின் சீரத்தில் நடுநிலையாக்கும் எதிர்ப்பொருளை அளப்பதும், கிடைத்த எண்ணைப் படிப்பதும்

எச்.ஐ.வி. தொற்றிய ஏறத்தாழ அனைவரின் உடலும் சில வாரங்களிலேயே அந்த வைரஸுக்கு எதிரான எதிர்ப்பொருள்களை உண்டாக்கிவிடுகிறது. மருத்துவமனைகளில் செய்யப்படும் எலிசா சோதனை தேடுவது அவற்றைத்தான். ஆனால் வைரஸின் புரதத்தில் ஒட்டிக்கொள்வது வேறு, அந்த வைரஸ் செல்லுக்குள் நுழைய முடியாதபடி தடுப்பது வேறு. முன்னதைச் செய்யும் எதிர்ப்பொருள்கள் தொற்றியவரின் இரத்தத்தில் ஏராளமாக இருக்கும். பின்னதைச் செய்பவை, அதாவது நடுநிலையாக்கும் எதிர்ப்பொருள்கள், தாமதமாகவும் குறைவாகவும் வருகின்றன. இந்த வழிகாட்டி அவற்றை ஆய்வகத்தில் அளக்கத் தொடங்கும் மாணவர்களுக்கும், ஆய்வுக் கட்டுரைகளில் வரும் அட்டவணைகளைத் தாமே மதிப்பிட விரும்பும் மருத்துவர்களுக்கும் உரியது. தொடக்கத்திலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: சோதனையின் முடிவில் கிடைக்கும் எண் நோயாளியின் பண்பு அன்று, ஒரு குறிப்பிட்ட நாளில் எடுத்த சீரத்துக்கும் ஒரு குறிப்பிட்ட வைரஸுக்கும் இடையிலான உறவு. எந்த நாள், யாருடைய வைரஸ் என்ற இரண்டும் தெரியாமல் அந்த எண்ணை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய இயலாது.

எதிர்ப்பொருள் தாக்க வேண்டிய இலக்கு

வைரஸின் மேலுறையில் உள்ள கூர்முனைகளே நடுநிலையாக்கும் எதிர்ப்பொருள்களின் ஒரே இலக்கு. ஒவ்வொரு கூர்முனையும் மூன்று ஜி.பி.120 புரதங்களும் மூன்று ஜி.பி.41 புரதங்களும் சேர்ந்த மும்மடிக் கட்டமைப்பு. ஒரு வைரஸ் துகளில் இத்தகைய கூர்முனைகள் ஏறத்தாழ பதினான்குதான் இருக்கின்றன. ஜி.பி.120-இன் எடையில் ஏறக்குறைய பாதி, அதன்மேல் போர்த்தியிருக்கும் சர்க்கரைச் சங்கிலிகளுடையது. அந்தச் சர்க்கரைகளை ஒட்டவைப்பது நம் செல்களே என்பதால், நோயெதிர்ப்பு மண்டலம் அவற்றை அந்நியமாக எளிதில் கருதுவதில்லை. இவற்றோடு, மும்மடியின் வெளிப்புறத்தில் வி1 முதல் வி5 வரையிலான மாறும் வளையங்கள் வேகமாகத் தம் வரிசையை மாற்றிக்கொள்கின்றன. நம் செல்லின் சி.டி.4 புரதத்தை வைரஸ் பற்றிக்கொள்ளும், மாறவே முடியாத பிணைப்பிடமோ உள்ளொடுங்கி இருக்கிறது. சிதைந்தும் பிரிந்தும் கிடக்கும் மேலுறைப் புரதத் துண்டுகளுக்கு எதிராக உடல் உண்டாக்கும் பெருந்திரளான எதிர்ப்பொருள்கள் முழுமையான மும்மடியில் ஒட்டுவதில்லை. எலிசாவில் ஓங்கி நிற்கும் அளவு நடுநிலையாக்கும் சோதனையில் ஒன்றுமில்லாமல் போவதற்குக் காரணம் இதுவே. ஆகவே, எலிசா அளவைக் கொண்டு நடுநிலையாக்கும் திறனை ஊகிக்கும் பழக்கத்தை முதல் நாளிலேயே விட்டுவிடுங்கள்.

எந்தக் கேள்விக்கு எந்தச் சோதனை

சீரத்தை உறைபெட்டியிலிருந்து எடுப்பதற்கு முன் கேள்வியை எழுதி வைத்துக்கொள்வது நல்லது, ஏனெனில் ஒவ்வொரு கேள்விக்கும் வேறு வைரஸ் தேவைப்படுகிறது. ஒருவரின் எதிர்ப்பொருள்கள் அவருடைய உடலிலேயே உள்ள வைரஸை எவ்வாறு எதிர்கொள்கின்றன என்பது முதல் வகைக் கேள்வி. இதற்கு அவருடைய பிளாஸ்மாவிலிருந்தே மேலுறை மரபணுவைப் பிரித்தெடுக்க வேண்டும். உலகில் சுற்றிவரும் வெவ்வேறு வைரஸ்களில் எத்தனையை அவருடைய சீரம் தடுக்கிறது என்பது இரண்டாவது வகை. இதற்குப் பிற நோயாளிகளிடமிருந்து பெற்ற வைரஸ்களின் தரப்படுத்தப்பட்ட தொகுதி வேண்டும். தடுக்கும் எதிர்ப்பொருள் மும்மடியின் எந்த இடத்தைப் பிடிக்கிறது என்பது மூன்றாவது. இதற்கு வேண்டுமென்றே மாற்றம் செய்யப்பட்ட வைரஸ்கள் தேவை. மூன்றையும் ஒரே தட்டில் முடித்துவிட நினைப்பவர்கள் மூன்றிலும் அரைகுறை விடையோடு நிற்பார்கள்.

சீரம் சேகரிக்கும்போது

இந்தியாவில் செய்வதாக இருந்தால், 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் (தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம் ஆய்வுக்கும் பொருந்தும்: தகவலறிந்த ஒப்புதல் இன்றி ஆய்வு கூடாது, தொற்று நிலையை வெளியிடவும் கூடாது. குழாயின் மேல் பெயர் எழுதப்படாமல் குறியீட்டு எண் மட்டும் இருக்க வேண்டும். எண்ணையும் பெயரையும் இணைக்கும் பட்டியல் ஆய்வகத்துக்குள்ளேயே வரக்கூடாது.

பிளாஸ்மாவைவிடச் சீரமே ஏற்றது. பிளாஸ்மாதான் கிடைக்கும் என்றால் ஹெபாரின் குழாயை மட்டும் தவிர்த்துவிடுங்கள். ஹெபாரின் தானே வைரஸ் செல்லில் ஒட்டுவதைத் தடுக்கக்கூடியது என்பதால், எதிர்ப்பொருளே இல்லாத இரத்தம்கூட நடுநிலையாக்குவதுபோலத் தோன்றும். ஈ.டி.டி.ஏ. குழாயில் எடுத்த பிளாஸ்மா குறைந்த நீர்த்தலில் சோதனைச் செல்களுக்கு நஞ்சாகலாம். பிரித்த சீரத்தைச் சிறு சிறு பங்குகளாக்கி உறையவைப்பது, மீண்டும் மீண்டும் உருக்கி உறையவைப்பதைத் தவிர்க்கும். சோதனைக்கு முன் 56 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வைத்துக் காம்ப்ளிமென்ட் புரதங்களைச் செயலிழக்கச் செய்ய வேண்டும். இந்தச் சூடாக்கலை நம்பிப் பாதுகாப்பு நடைமுறைகளைத் தளர்த்துவது தவறு. தொற்றியவரின் இரத்தப்பொருள் கடைசி வரை தொற்றுப்பொருளாகவே கையாளப்பட வேண்டும்.

ஒவ்வொரு மாதிரியோடும் நான்கு விவரங்கள் எழுதப்பட்டிருக்க வேண்டும்: தொற்று ஏற்பட்டதாகக் கணிக்கப்படும் காலம், மாதிரி எடுத்த நாள், அன்றைய வைரஸ் அளவும் சி.டி.4 எண்ணிக்கையும், உட்கொள்ளும் கூட்டு மருந்துகள். நான்காவது விவரம் விடுபட்டால் என்ன ஆகும் என்பதைத் தனியாகவே விளக்க வேண்டியிருக்கிறது.

கூட்டு மருந்து என்னும் பொய்ச்சாட்சி

இந்தியாவின் அரசு ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. கூட்டு மருந்துச் சிகிச்சை) மையங்களில் வழங்கப்படும் முதல் நிலைக் கூட்டில் டெனோஃபோவிர், லாமிவுடின், டோலூடெக்ராவிர் ஆகிய மூன்றும் இருக்கின்றன. முதலிரண்டும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் நொதியைத் தடுப்பவை. மூன்றாவது இன்டக்ரேஸ் நொதியைத் தடுப்பது. நடுநிலையாக்கும் சோதனையில் பயன்படும் போலி வைரஸ் (ஒருமுறை மட்டுமே செல்லுக்குள் நுழையும்படி ஆய்வகத்தில் உருவாக்கிய துகள்) இந்த இரண்டு நொதிகளையும் கொண்டுதான் செல்லில் தன் மரபுப் பொருளைப் பதிக்கிறது. எனவே சீரத்தோடு மருந்தும் சோதனைத் தட்டின் குழிக்குள் போனால் வைரஸ் தோற்றுப்போகும். வைரஸ் நுழைந்ததை ஒளியால் அளக்கும் ஒளிமானியோ தடுத்தது எதிர்ப்பொருளா மருந்தா என்று பிரித்துச் சொல்லாது. புரோட்டியேஸ் தடுப்பு மருந்துகள் மட்டும் இந்தச் சிக்கலைத் தருவதில்லை. அவை வைரஸ் உற்பத்தியாகும் செல்லில், துகள் முதிர்வதைத் தடுப்பவை. போலி வைரஸோ ஏற்கெனவே முதிர்ந்த நிலையில் குழிக்கு வருகிறது.

இதைக் கண்டறியும் வழி எளிது. எச்.ஐ.வி.-யின் உட்கருவைக் கொண்டு, மேலுறை மட்டும் எலி லுகேமியா வைரஸுடையதாக இருக்கும் ஒரு போலி வைரஸை ஒவ்வொரு மாதிரிக்கும் எதிராகச் சோதிக்க வேண்டும். எச்.ஐ.வி. மேலுறைக்கு எதிரான எதிர்ப்பொருள் இதை ஒன்றும் செய்யாது. மருந்தோ இதையும் அடக்கிவிடும். எலி வைரஸ் மேலுறைக்குக் கிடைக்கும் அளவைப்போல மூன்று மடங்காவது எச்.ஐ.வி. மேலுறைக்குக் கிடைத்தால்தான் அதை நடுநிலையாக்கல் என்று ஏற்பது வழக்கம். என் கருத்தில், இந்தக் கட்டுப்பாடு இல்லாத அட்டவணையை, அது எவ்வளவு பெரிய ஆய்விதழில் வந்திருந்தாலும், சிகிச்சையில் இருப்பவர்களின் சீரத்தைப் பொறுத்தவரை நம்பத் தேவையில்லை.

மருந்து இருப்பது தெரிந்தால் சீரத்திலிருந்து ஐ.ஜி.ஜி. எதிர்ப்பொருளை மட்டும் பிரித்தெடுத்துச் சோதிக்க வேண்டும். புரோட்டீன் ஏ பூசிய மணிகள் மனிதரின் ஐ.ஜி.ஜி.3 வகையைப் பிடிப்பதில்லை. புரோட்டீன் ஜி நான்கு துணை வகைகளையும் பிடிக்கும் என்பதால் அதுவே மேல். பிரித்தெடுத்த பின் அளவு நீர்த்தலாக அல்லாமல் மில்லிலிட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று வரும். அப்போது திசை தலைகீழாக மாறுவதைக் கவனியுங்கள்: சீரத்தின் ஐ.டி.50 எண் (வைரஸை 50 விழுக்காடு தடுக்கும் நீர்த்தல்) பெரிதாக இருந்தால் திறன் அதிகம், ஐ.ஜி.ஜி.-யின் ஐ.சி.50 எண் (அதே அளவு தடுக்கும் செறிவு) சிறிதாக இருந்தால் திறன் அதிகம். இரண்டையும் ஒரே அட்டவணையில் குழப்பி வைத்திருக்கும் ஆய்வேடுகள் உண்டு.

வைரஸ்களைத் தேர்ந்தெடுத்தல்

எச்.ஐ.வி. மேலுறைகள் எதிர்ப்பொருளுக்கு எவ்வளவு எளிதில் பணிகின்றன என்பதைப் பொறுத்து 1ஏ, 1பி, 2, 3 என்று நிலைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. 1ஏ நிலையில் உள்ள எஸ்.எஃப்.162, எம்.என். போன்றவை மும்மடி பெரும்பாலும் திறந்தே இருக்கும் வைரஸ்கள். நாட்பட்ட தொற்றுடைய ஏறத்தாழ எவருடைய சீரமும் இவற்றைத் தடுத்துவிடும். மனிதரிடையே உண்மையில் பரவும் வைரஸ்களில் பெரும்பாலானவை 2-ஆம் நிலையைச் சேர்ந்தவை. எனவே எஸ்.எஃப்.162-ஐ மட்டும் சோதித்துவிட்டு ஒருவருக்குப் பரந்த எதிர்ப்பாற்றல் இருப்பதாக எழுதக்கூடாது. அந்த வைரஸின் பயன் வேறு: சோதனை ஒழுங்காக நடக்கிறதா, சீரத்தில் எச்.ஐ.வி. எதிர்ப்பொருள் இருக்கிறதா என்பதை அது காட்டும்.

பரப்பை, அதாவது வெவ்வேறு வைரஸ்களில் எத்தனையைச் சீரம் தடுக்கிறது என்பதை, அளக்க 2014-இல் வெளியிடப்பட்ட பன்னிரண்டு வைரஸ்கள் கொண்ட உலகளாவிய தொகுதி பெரும்பாலான ஆய்வகங்களுக்குப் போதுமானது. நூற்றுக்கணக்கான வைரஸ்களும் சீரங்களும் சேர்ந்த பெரிய தரவிலிருந்து, குறைந்த எண்ணிக்கையில் முழுப் படத்தையும் காட்டக்கூடியவை கணக்கீட்டு முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டவை அவை. டி.ஆர்.ஓ.11, 25710, 398எஃப்1, சி.என்.இ.8 என்று அவற்றின் பெயர்கள் நீளும். இந்தியாவில் பரவியிருப்பது பெரும்பாலும் சி துணைவகை என்பதால், இந்தியச் சீரங்களைச் சோதிப்பவர் அத்தொகுதியோடு இந்திய நோயாளிகளிடமிருந்து பெற்ற சி வகை மேலுறைகள் சிலவற்றையும் சேர்த்துக்கொள்வது பொருத்தமானது. அதே வேளையில், ஒருவரின் சீரம் தன் துணைவகையைச் சேர்ந்த வைரஸ்களைச் சற்றே நன்றாகத் தடுப்பது இயல்பு என்பதால், சி வகைகளை மட்டும் வைத்துப் பரப்பை மதிப்பிட்டால் எண் உயர்ந்து தெரியும்.

போலி வைரஸ் தயாரிப்பில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மேலுறை மரபணு நீக்கப்பட்ட எச்.ஐ.வி. பிளாஸ்மிட் ஒன்றும், விரும்பிய மேலுறையைத் தாங்கிய பிளாஸ்மிட் ஒன்றும் 293டி செல்களில் ஒருசேரச் செலுத்தப்படுகின்றன. இரண்டு அல்லது மூன்று நாள் கழித்துச் செல்களின் மேல் உள்ள ஊடகத்தை எடுத்து வடிகட்டிப் பங்கிட்டு உறையவைக்க வேண்டும். இவ்வாறு உருவாகும் துகள் ஒருமுறை மட்டுமே செல்லுக்குள் நுழையும். மேலுறை மரபணு அதன் மரபுப் பொருளில் இல்லாததால் அங்கிருந்து புதிய தொற்று வைரஸ் வெளிவராது. ஆகவே இரண்டாம் நிலை உயிரிப் பாதுகாப்பு ஆய்வகத்தில் இதைக் கையாளலாம். ஒவ்வொரு தொகுப்பையும், சோதனையில் பயன்படப்போகும் அதே செல்களில் முன்கூட்டியே அளந்து வைத்துக்கொள்வதே முக்கியம்.

தட்டில் செய்ய வேண்டியது

சோதனைக்குப் பயன்படும் டி.இசட்.எம்.-பி.எல். செல்கள் ஹீலா வழிவந்தவை. சி.டி.4, சி.சி.ஆர்.5, சி.எக்ஸ்.சி.ஆர்.4 ஆகிய மூன்றும் அவற்றின் மேற்பரப்பில் உள்ளன. உள்ளே, வைரஸின் டாட் புரதம் வந்தால் மட்டும் இயங்கும் லூசிஃபெரேஸ் மரபணு வைக்கப்பட்டிருக்கிறது. வைரஸ் நுழைந்தால் ஒளி கூடும்; தடுக்கப்பட்டால் குறையும். சோதனையின் அடிப்படை இவ்வளவே.

96 குழித் தட்டின் முதல் நிரலில் செல்கள் மட்டும், இரண்டாவது நிரலில் செல்களும் வைரஸும் மட்டும் இருக்க வேண்டும். எஞ்சிய குழிகளில் சீரத்தை 1:20 என்ற நீர்த்தலில் தொடங்கி, மூன்று மடங்கு வீதம் 60, 180, 540, 1,620, 4,860, 14,580, 43,740 வரை கொண்டுசெல்லலாம். ஒவ்வொரு நீர்த்தலும் குறைந்தது இரண்டு குழிகளில் இருக்க வேண்டும். பைப்பெட்டின் முனையை ஒவ்வொரு நீர்த்தலுக்கும் மாற்றுவது செலவு என்று தோன்றலாம். மாற்றாவிட்டால் முனையில் ஒட்டிய சீரம் அடுத்த குழிக்குச் சென்று கடைசி நீர்த்தல்களில் இல்லாத திறனை இருப்பதாகக் காட்டும்.

பிறகு அளந்து வைத்த வைரஸைச் சேர்த்து, 37 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் சீரமும் வைரஸும் சந்திக்க விட வேண்டும். அதன்பின் குழிக்குப் பத்தாயிரம் செல்கள் வீதம் சேர்க்க வேண்டும். செல்கள் மிதக்கும் ஊடகத்தில் டி.இ.ஏ.இ.-டெக்ஸ்ட்ரான் கலந்திருக்க வேண்டும். வைரஸ் செல்லில் ஒட்டுவதை அது பல மடங்கு கூட்டுகிறது. ஒவ்வொரு புதிய புட்டிக்கும் அதன் உகந்த அளவைத் திரும்பக் கண்டறிவது அவசியம், ஏனெனில் அளவு மிஞ்சினால் செல்கள் மடியும். 48 மணி நேரம் கழித்து லூசிஃபெரேஸின் வினைப்பொருளைச் சேர்த்து, செல்கள் உடைவதற்காக இரண்டு நிமிடம் காத்திருந்து, லூமினோமீட்டரில் ஒளியை அளக்கலாம். போலி வைரஸுக்குப் பதிலாகப் பெருகக்கூடிய உயிருள்ள வைரஸைப் பயன்படுத்தினால், உயர்ந்த பாதுகாப்பு வசதியும், இரண்டாம் சுற்றுத் தொற்றைத் தடுக்க இன்டினாவிர் போன்ற புரோட்டியேஸ் தடுப்பு மருந்தும் தேவைப்படும்.

தட்டை ஏற்பதா ஒதுக்குவதா என்பதைச் சீரத்தின் முடிவைப் பார்க்கும் முன்பே தீர்மானித்துவிட வேண்டும். வைரஸ் மட்டும் உள்ள குழிகளின் சராசரி ஒளி, செல் மட்டும் உள்ளவற்றைப்போல் பத்து மடங்காவது இருக்கிறதா, அந்தக் குழிகளுக்கிடையே சிதறல் 30 விழுக்காட்டுக்குள் இருக்கிறதா, அறியப்பட்ட எதிர்ப்பொருளின் அளவு முந்தைய சோதனைகளிலிருந்து மூன்று மடங்குக்குள் நிற்கிறதா என்ற மூன்றையும் பாருங்கள். ஒன்று தவறினாலும் தட்டு ஒதுக்கப்பட வேண்டும். முடிவு பிடித்திருந்தது என்பதற்காகத் தவறிய தட்டை வைத்துக்கொள்ளும் ஆசை எல்லா ஆய்வகங்களிலும் எழுவதுதான். சீரத்தின் முதல் குழிகளில் செல்கள் வட்டமாகச் சுருங்கியோ மிதந்தோ இருக்கின்றனவா என்பதை, வினைப்பொருள் சேர்க்கும் முன் நுண்ணோக்கியில் பார்த்துவிடுவதும் நல்லது. மடிந்த செல்லும் ஒளி தராது.

கணக்கு

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். வைரஸ் மட்டும் உள்ள குழிகளில் ஒளி 1,52,000. செல் மட்டும் உள்ளவற்றில் 2,000. எனவே வைரஸால் உண்டான ஒளி 1,50,000. சீரத்தின் 1:180 நீர்த்தலில் ஒளி 62,000 என்றால், பின்புலத்தைக் கழித்து 60,000. அதாவது 60 விழுக்காடு தடுக்கப்பட்டிருக்கிறது. 1:540 நீர்த்தலில் 98,000 என்றால், கழித்தபின் 96,000. தடுத்தது 36 விழுக்காடு. ஐம்பது விழுக்காட்டைக் கடக்கும் இடம் இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ளது. நீர்த்தல் மடக்கை அளவில் செல்வதால், இடைக்கணிப்பையும் மடக்கையிலேயே செய்ய வேண்டும்: 24 புள்ளி சரிவில் 10 புள்ளி தூரம் என்பது மூன்றின் 10/24 அடுக்கு, அதாவது 1.58 மடங்கு. 180-ஐ அதனால் பெருக்கினால் ஐ.டி.50 ஏறத்தாழ 285.

நீர்த்தல் என்பது செல்களைச் சேர்ப்பதற்கு முன் உள்ளதா, பின் உள்ளதா என்பதை அறிக்கையில் கட்டாயம் குறிப்பிட வேண்டும். சீரமும் வைரஸும் 150 மைக்ரோலிட்டரில் இருந்து, செல்களோடு 250 ஆனால், அதே குழியை ஒருவர் 1:20 என்றும் இன்னொருவர் 1:33 என்றும் எழுத முடியும். இரு ஆய்வகங்களின் எண்களை ஒப்பிடும்போது வரும் பூசல்களில் சில இங்கேதான் தொடங்குகின்றன.

பல வைரஸ்களுக்கான அளவுகளைச் சுருக்கும்போது கூட்டுச் சராசரியை எடுக்காமல் பெருக்குச் சராசரியை எடுக்க வேண்டும். நான்கு வைரஸ்களுக்கு 40, 80, 640, 5,120 என்று வந்தால் கூட்டுச் சராசரி 1,470. பெருக்குச் சராசரி 320. முதலாவது எண் ஒரே ஒரு வைரஸின் கதையைச் சொல்கிறது. 1:20-இலும் தடுக்காத வைரஸுக்கு 10 என்று எண் கொடுத்துக் கணக்கில் சேர்ப்பது வழக்கம். விட்டுவிட்டுக் கணக்கிட்டால் சீரம் உள்ளதைவிட வலிமையாகத் தெரியும். பரப்பு என்பது எத்தனை விழுக்காடு வைரஸ்கள் தடுக்கப்பட்டன என்பது. வலிமை என்பது இந்தப் பெருக்குச் சராசரி. இரண்டையும் தனித்தனியே தாருங்கள்.

ஐ.டி.50-ஓடு ஐ.டி.80-ஐயும் கணக்கிடுவது வீண் வேலை அன்று. வி.ஆர்.சி.01 என்ற எதிர்ப்பொருளை ஆரோக்கியமானவர்களுக்குச் செலுத்திப் பார்த்த இரண்டு பெரிய ஆய்வுகளின் முடிவுகள் 2021-இல் வந்தன. ஒட்டுமொத்தமாக அது தொற்றைத் தடுக்கவில்லை. ஆனால் மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்கும் குறைவான அளவிலேயே 80 விழுக்காடு அடங்கிவிடும் வைரஸ்களைப் பொறுத்தவரை ஏறத்தாழ 75 விழுக்காடு பாதுகாப்பு இருந்தது. அந்தத் தரவைப் பின்னர் ஆராய்ந்தவர்கள், சீரத்தின் 80 விழுக்காட்டு நீர்த்தல் 200 அளவில் இருந்தால் 90 விழுக்காட்டுப் பாதுகாப்பு கிடைக்கும் என்று கணித்தார்கள். ஐம்பது விழுக்காட்டுக் கோட்டைத் தாண்டுவதும் உடலில் பாதுகாப்புத் தருவதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. வளைவின் உச்சியையும் பாருங்கள். சர்க்கரையைச் சார்ந்து ஒட்டும் பி.ஜி.9 போன்றவை, எவ்வளவு கூட்டினாலும் சில வைரஸ்களில் நூறு விழுக்காட்டை எட்டாமல் நின்றுவிடுவதுண்டு. துகள்களுக்கிடையே சர்க்கரை அமைப்பு வேறுபடுவதே காரணம்.

ஒருவரின் சொந்த வைரஸுக்கு எதிராக

இந்தத் துறையின் சுவையான பகுதி இதுதான். தொற்றிய நாள் முதல் பல மாத இடைவெளிகளில் எடுத்த மாதிரிகள் இருந்தால், ஒவ்வொரு காலத்துப் பிளாஸ்மாவிலிருந்தும் மேலுறை மரபணுக்களைத் தனி மரபணுப் பெருக்க முறையில் எடுக்க வேண்டும். நகல் டி.என்.ஏ.-வை நேர்மறைக் குழிகள் 30 விழுக்காட்டைத் தாண்டாத அளவுக்கு நீர்த்தால், ஒவ்வொரு நேர்மறைக் குழியும் பெரும்பாலும் ஒற்றை வார்ப்பிலிருந்து வந்ததாக இருக்கும், பி.சி.ஆர். உண்டாக்கும் கலப்பு மரபணுக்களை இது தவிர்க்கிறது. தொடக்க காலத் தொற்றில் வரிசைகள் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருந்தால் வியப்படைய வேண்டாம். 2008-இல் வெளியான ஓர் ஆய்வில் 102 பேரில் 78 பேருக்குத் தொற்று ஒற்றை வைரஸிலிருந்தே கிளைத்திருந்தது.

இனி, ஒரு பக்கத்தில் சீரத்தின் காலங்களையும் மறு பக்கத்தில் வைரஸின் காலங்களையும் வைத்துக் கட்டங்கள் போடுங்கள். ஒரே நாளில் எடுத்த சீரமும் வைரஸும் சந்திக்கும் மூலைவிட்டக் கட்டங்கள் பெரும்பாலும் வெறுமையாக இருக்கும். அதே சீரம் சில மாதங்களுக்கு முந்தைய வைரஸை நன்றாகத் தடுக்கும். நடுநிலையாக்கும் எதிர்ப்பொருள் வழக்கமாகத் தொற்றிய மூன்று மாதங்களுக்குப் பிறகு தலைகாட்டுகிறது. அது வந்ததும் வைரஸ் ஒரு சர்க்கரையை இடம் மாற்றியோ ஒரு வளையத்தை நீட்டியோ தப்பிவிடுகிறது. உடல் மீண்டும் புதிய எதிர்ப்பொருளைத் தேடுகிறது. வைரஸ் ஒரு படி முன்னே, எதிர்ப்பொருள் ஒரு படி பின்னே என்ற இந்த ஓட்டம் 2003-இல் வெளியான இரு ஆய்வுகளில் தெளிவாக விளக்கப்பட்டது. ஆகவே மூலைவிட்டத்தில் அளவு இல்லை என்பதைக் கொண்டு 'எதிர்ப்பாற்றல் இல்லை' என்று எழுதிவிடக் கூடாது. தப்பிய வைரஸ் மட்டுமே எஞ்சியிருக்கிறது என்பதால், எதிர்ப்பொருள் அழுத்தம் கொடுத்ததற்கு அதுவே சான்றும் ஆகும்.

தப்புவதே சில நேரம் பரந்த எதிர்ப்பாற்றலுக்கு வழிவிடுகிறது. தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நடால் மாகாணத்தில் பின்தொடரப்பட்ட பெண்களில் இருவருக்குத் தொற்றிய வைரஸின் மேலுறைப் புரதத்தில் 332-ஆம் இடத்தில் சர்க்கரை இல்லை. 334-இல் இருந்த சர்க்கரையை 332-க்கு மாற்றி வைரஸ் தொடக்க எதிர்ப்பொருளிலிருந்து தப்பியது. ஆனால் 332-இல் உள்ள சர்க்கரைதான் உலகின் பெரும்பாலான வைரஸ்களுக்குப் பொதுவானது. அதைப் பிடிக்கும் பரந்த எதிர்ப்பொருள்கள் அவ்விருவரிடமும் பின்னர் உருவாயின. இத்தகைய வரிசையைக் காண வேண்டுமானால் இடைவெளி குறைந்த மாதிரிகள் தேவை. ஆண்டுக்கு ஒரு மாதிரி மட்டும் வைத்திருப்பவருக்குத் தொடக்கமும் முடிவும் தெரியும், நடந்தது தெரியாது.

பரந்த எதிர்ப்பாற்றல் எவ்வளவு அரிது

கேள்வி அடிக்கடி எழுவது. விடை கோட்டை எங்கே போடுகிறோம் என்பதைப் பொறுத்தது. ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, தாய்லாந்து, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய இடங்களில் ஏறத்தாழ 1,800 பேரைச் சோதித்து 2009-இல் வெளியான ஆய்வு, மிக உயர்ந்த திறனுடையோர் 1 விழுக்காடு என்றது. சுவிட்சர்லாந்தில் 4,484 பேரைச் சோதித்தபோது 239 பேரிடம் பரந்த எதிர்ப்பாற்றல் காணப்பட்டது. 205 நாட்பட்ட தொற்றாளர்களின் சீரத்தை 219 வைரஸ்களுக்கு எதிராகச் சோதித்த இன்னோர் ஆய்வோ, 'உடையோர்', 'இல்லாதோர்' என்ற பிரிவே இல்லை, திறன் தொடர்ச்சியாகப் பரவியிருக்கிறது என்று காட்டியது. பாதிப் பேரின் சீரம் பாதி வைரஸ்களையாவது தடுத்தது. நான் மூன்றாவது பார்வையையே ஏற்கிறேன். எனவே உங்கள் அறிக்கையில் ஆம், இல்லை என்று பிரிக்காமல் முழுப் பரவலையும் வரைபடமாகத் தருவது நல்லது.

தொற்றின் கால நீட்சி, உயர்ந்த வைரஸ் அளவு, வைரஸின் உட்பன்மை ஆகியவை பரப்பைக் கூட்டுகின்றன என்பது பல குழுக்களில் மீண்டும் மீண்டும் காணப்பட்டுள்ளது. வயது வந்தோரில் இதற்கு வழக்கமாக இரண்டு முதல் நான்கு ஆண்டுகள் ஆகின்றன. குழந்தைகளில் விரைவாகவே நிகழலாம்: கென்யாவில் தொற்றுடன் வளர்ந்த கைக்குழந்தை ஒன்றிடமிருந்து பரந்த எதிர்ப்பொருள் பிரித்தெடுக்கப்பட்டு 2016-இல் விவரிக்கப்பட்டது. டெல்லி எய்ம்ஸ் ஆய்வாளர்களும் சி வகை தொற்றிய இந்தியக் குழந்தை ஒன்றிடமிருந்து இத்தகைய எதிர்ப்பொருளைப் பிரித்துள்ளனர். இரண்டு குழுக்களை ஒப்பிடும்போது வயதையும் தொற்றின் நீட்சியையும் சமப்படுத்தாமல் விட்டால், நீங்கள் அளப்பது எதிர்ப்பாற்றலை அன்று, காலத்தை.

பிடிக்கும் இடத்தைக் கண்டறிதல்

பரந்த சீரம் கிடைத்தால் அடுத்ததாக மாற்ற வைரஸ்களை எடுக்கலாம். 160-ஆம் இடத்துச் சர்க்கரையை நீக்கிய வைரஸுக்கு எதிராக அளவு மூன்று மடங்குக்கு மேல் விழுந்தால் மும்மடியின் உச்சிப் பகுதியையும், 332-ஐ நீக்கியதில் விழுந்தால் வி3 அடிப் பகுதியையும் சந்தேகிக்கலாம். ஜி.பி.41-இன் சவ்வோரப் பகுதிக்கு, எச்.ஐ.வி.-2 மேலுறையில் எச்.ஐ.வி.-1-இன் அந்தத் துண்டை மட்டும் பொருத்திய கலப்பு வைரஸ் பயன்படும். பின்புல வைரஸைத் தடுக்காத சீரம் கலப்பு வைரஸைத் தடுத்தால் விடை கிடைத்துவிட்டது. ஒரே வைரஸில் மட்டும் இதைச் செய்யாமல் இரண்டு மூன்று பின்புல வைரஸ்களில் செய்யுங்கள். சீரத்தில் பல வகை எதிர்ப்பொருள்கள் கலந்திருப்பதால், ஓர் இடத்தை மாற்றியும் அளவு விழாமல் போவது வழக்கமே; இன்னொன்று அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கலாம்.

பங்கேற்றவர்களுக்குச் சொல்ல வேண்டியது

முடிவை அறிய விரும்பும் பங்கேற்பாளருக்கு இரண்டு செய்திகளைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இந்தச் சோதனைக்குச் சிகிச்சையில் இடமில்லை. பரந்த எதிர்ப்பொருள் உடையவர்களுக்கு நோய் மெதுவாக முற்றுகிறது என்பதற்கு ஆய்வுகள் ஆதரவு தரவில்லை, ஏனெனில் அவர்களுடைய உடலில் உள்ள வைரஸ் ஏற்கெனவே அவற்றிலிருந்து தப்பியதே. உங்கள் சீரம் உலகின் பல வைரஸ்களைத் தடுக்கிறது என்று கேட்டதும் மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று ஒருவர் நினைக்கக்கூடும். அந்த எண்ணத்துக்கு இடம் கொடுக்காத சொற்களில் ஆலோசகரின் துணையோடு பேசுவதே முறை.

அவரிடமிருந்து சீரத்தோடு இரத்த வெள்ளணுக்களையும் திரவ நைட்ரஜனில் சேமிக்க ஒப்புதல் பெற்றிருக்கிறீர்களா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பி.ஜி.9, பி.ஜி.16 ஆகிய இரண்டும் 2009-இல் கிடைத்தது, ஆப்பிரிக்க நன்கொடையாளர் ஒருவரின் ஏறத்தாழ 30,000 நினைவு பி செல்களைத் தனித்தனியே வளர்த்து, அவை சுரந்ததை நடுநிலையாக்கும் சோதனையிலேயே சலித்தெடுத்ததால்தான். சீரம் தீர்ந்துபோனாலும், செல்கள் இருந்தால் தேடலைத் தொடரலாம்.